மறைப்பும் மரபும்: மாணவர் பட முன்னோட்டம் எழுப்பும் ஒரு சித்தாந்தக் கேள்வி

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடவிருக்கும் ஒரு படத்திலிருந்து இரண்டு நிமிடத்தை எடுத்துக் காட்டி, எஞ்சியதைக் காட்டாமல் வைத்து, அந்தக் காட்டாமையாலேயே பார்ப்பவரை அரங்குக்கு வரவழைக்கும் கலையே திரைப்பட முன்னோட்டம். காட்சித் தொடர்பியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் இதைப் பயிற்சியாகச் செய்கிறார்கள். பல நேரங்களில் அவர்கள் எடுத்த முன்னோட்டத்துக்குப் பின்னால் படம் ஏதும் இருப்பதில்லை, இருக்கப்போவதும் இல்லை. அந்த முன்னோட்டம் தன் படவகையின் மரபுகளை எங்கே பின்பற்றுகிறது, எங்கே மீறுகிறது என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. இங்கிலாந்தின் மேல்நிலை ஊடகப் பாடத்தில் இக்கேள்வி மதிப்பீட்டின் ஒரு பகுதியாகவே இருந்துவந்திருக்கிறது. இசை, எழுத்துரு, வெட்டின் வேகம் முதலிய தொழில்நுட்பக் கூறுகளைக் கொண்டு மாணவர்கள் அதற்கு விடை எழுதிவிடுகிறார்கள். ஆனால் அக்கேள்வியின் அடியில், ஒன்றன் பகுதியைக் காட்டி முழுமையை மறைப்பவர் அதைக் காண்பவருக்குக் கடன்பட்டிருக்கிறாரா, மறைத்தல் என்பது பொய்யின் ஒரு வகையா, மரபைக் காப்பது உண்மையா அல்லது வெறும் பழக்கமா என்ற பழைய கேள்விகள் கிடக்கின்றன. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில் வேறொரு பொருளைப் பற்றி, அதாவது உயிருக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும் இறைவனைப் பற்றி, இதே கேள்விகள் கேட்கப்பட்டன. அங்கே கிடைத்த விடை, மாணவர் எடுக்கும் இரண்டு நிமிட முன்னோட்டத்தை அளப்பதற்கும் இன்றுள்ள கோல்களில் நுட்பமானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் சொற்கள். ஆங்கிலம் இதைக் குறிக்க வழங்கும் ட்ரெய்லர் என்ற சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். 1910களில் அமெரிக்க அரங்குகளில், ஓடி முடிந்த படத்தின் வாலில் அடுத்த படத்தின் துண்டை ஒட்டிக் காட்டியதால் அப்பெயர் அமைந்தது. தமிழோ அதே பொருளுக்கு முன்னால் ஓடுவது என்ற பெயரைச் சூட்டியது. இரண்டு பெயரும் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. பேய்ப்படம், காதற்படம், துப்பறியும் படம் என்று படங்களைப் பிரித்தறியும் பகுப்புக்கு வகைமை என்றும், ஒரு வகைமையில் திரும்பத் திரும்ப வந்து நிலைத்துவிட்ட குறிகளுக்கு வகைமை மரபு என்றும் பெயர். பூட்டிய பங்களா, அணைந்து எரியும் விளக்கு, திடீரென்று நின்றுபோகும் இசை ஆகியவற்றைக் கண்டவுடனே இது பேய்ப்படம் என்று பார்ப்பவர் அறிவது, ஏற்கெனவே பார்த்த நூறு படங்களின் நினைவால்தான். ஆகவே முன்னோட்டம் பார்ப்பவரின் பழைய நினைவைப் பின்னாலிருந்து இழுத்து வருகிறது. அந்த நினைவைக் கொண்டே வரப்போகும் படத்துக்கு முன்னாலும் ஓடுகிறது.

இந்த இருமுக வேலையைத் தமிழ் இலக்கணம் நன்கு அறிந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பேசத் தொடங்குமுன் பாயிரத்தைப் பேசுகிறது. பாயிரம் என்பது நூலுக்கு முன் நின்று நூலை அறிமுகம் செய்யும் பகுதி; முகவுரை, அணிந்துரை, புனைந்துரை, நூன்முகம் என அதற்குப் பல பெயர்கள் உண்டு. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது பவணந்தியாரின் உறுதியான கொள்கை. சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டியவை என்று அவர் எண்ணித் தருபவை ஆக்கியவன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டு. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. இன்றைய முன்னோட்டம் ஒன்றை எடுத்து இந்தப் பட்டியலின்மேல் வைத்தால், இயக்குநர் பெயர் முதல் யாருக்கான படம் என்பது வரை அநேகமாக எல்லாமே பொருந்தி நிற்கும். அவற்றுள் இங்கு முதன்மையானது வழி. ஒரு நூல் எந்த நூலின் வழியில் வந்தது என்று சொல்வதே அது. வகைமை என்று இப்போது வழங்குவதன் பழந்தமிழ் வடிவம் அது எனலாம். பேய்ப்படத்தின் முன்னோட்டத்தில் கதவு கிறீச்சிடும்போது, தான் எந்த வழியில் வந்தது என்பதை அப்படம் சொல்லிக்கொள்கிறது. வடமொழி நாட்டிய சாத்திரமும் நாடகத்துக்கு முன் நிகழும் பூர்வரங்கத்தில், அவையோரின் ஆவலைத் தூண்டும் பிரரோசனை என்ற உறுப்பை வகுத்திருக்கிறது. அந்த நூலின் நூற்றெட்டுக் கரணங்கள் சிதம்பரம் கோபுர வாயில்களில் சிற்பங்களாக நிற்கின்றன என்பது இங்கே நினைவுக்கு வரத்தக்கது.

வழியைச் சொல்ல வேண்டும் என்ற இலக்கணம் வழியிலேயே கிடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் எட்டு வனப்புகளுள் ஒன்றின் பெயர் விருந்து. முன்னில்லாத புதிய யாப்பில் செய்யப்படும் செய்யுளை அது குறிக்கிறது. விருந்து என்பதன் முதற்பொருள் புதுமை; பிறகே அது வீட்டுக்கு வரும் புதியவரையும் அவருக்கு இடும் உணவையும் குறித்தது. புதியதற்கு இலக்கணம் வைத்த பெயரே அது வந்து தங்குவதற்கு ஒரு வீடு இருக்க வேண்டும் என்பதை உணர்த்திவிடுகிறது. மரபை மீறுவதாகச் சொல்லிக்கொண்டு எல்லாக் குறிகளையும் கைவிட்டு, எந்த வழியிலும் சேராமல் நிற்கும் மாணவர் முன்னோட்டங்கள் பெரும்பாலும் தோற்றுப்போவதன் காரணம் இதில் இருக்கிறது. அவற்றில் புதியவர் வந்திருக்கிறார். வரவேற்க வீடு இல்லை.

தமிழ்த் திரையுலகில் மாணவர்கள் மரபோடு மோதிய வரலாற்றில் இரண்டு படங்கள் முக்கியமானவை. 1986 ஆகஸ்டு 15இல் வெளிவந்த ஊமை விழிகள் சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்று வந்தவர்களின் கூட்டு முயற்சி. ஆபாவாணன் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார். ஆளில்லாச் சாலை, இரவு, கிழவி, குதிரை வண்டி என்று பேய்க்கதைக்குரிய குறிகளை அப்படம் தயங்காமல் பயன்படுத்துகிறது. ஆனால் கொலைகளின் பின்னே இருப்பது மனிதன். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபரில், கார்த்திக் சுப்புராஜின் பீட்சா வந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துப் பயின்ற தலைமுறையில் அவர் ஒருவர். நலன் குமரசாமியும் பாலாஜி மோகனும் அதே மேடையில் இருந்து வந்தவர்களே. பீட்சா பேய்ப்படத்தின் எல்லாக் குறிகளையும் கூட்டிவைத்து, அவை அனைத்தும் வைரங்களை மறைத்துக்கொள்வதற்காகக் கதாநாயகன் கட்டிச் சொன்ன கதை என்று பின்பகுதியில் வெளிப்படுத்துகிறது. அவ்வாறு வெளிப்படுத்திய பிறகு, உண்மையான பேய் வீட்டின் வாசலில் அவனையே கொண்டுபோய் நிறுத்துகிறது. அச்சத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு அச்சம் கிடைக்கிறது. ஆனால் தான் ஏன் அத்தனை எளிதாக நம்பினோம் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்து கிடைக்கிறது. அந்தக் கேள்விதான் அப்படத்தின் உயிர்.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். முன்னோட்டம் ஒன்றைக் காட்ட, படம் வேறொன்றைத் தந்தால் அது ஏமாற்று ஆகாதா? இந்தத் தடை வெறும் வாதத்துக்கு உரியது மட்டுமில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 2016இல் வெளிவந்த ஃபேன் என்ற இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்ற பாடல் படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் நுகர்வோர் மன்றத்தை நாட, மாவட்ட மன்றம் அதைத் தள்ளினாலும், மாநில ஆணையத்திலும் தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் அவருக்குச் சாதகமாக முடிவு வந்து பத்தாயிரம் ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது. தயாரிப்பு நிறுவனம் மேல்முறையீடு செய்ய, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: விளம்பர முன்னோட்டம் ஒப்பந்தத்துக்கான முன்மொழிவும் ஆகாது, வாக்குறுதியும் ஆகாது, அதில் உள்ளது படத்தில் இல்லாமை சேவைக் குறைபாடும் ஆகாது என்பது தீர்ப்பு. சட்டத்தின் எல்லைக்குள் இது சரியான முடிவு. கலையைக் கொடுக்கல் வாங்கல் பத்திரமாக்கினால் கலைஞருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. ஆயினும் சட்டம் வாக்கு இல்லை என்று சொன்னதாலேயே அறமும் வாக்கு இல்லை என்று சொல்லிவிட்டதாகக் கொள்ள இயலாது. வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது உள்ளதை உள்ளவாறு ஒப்பிப்பதை அளவாக வைக்காமல், பிறருக்குத் தீமை விளைக்காத சொல் என்பதை அளவாக வைத்தார். அந்த அளவின்படி, பாடலைக் காட்டிவிட்டுத் தராமல் போனதும், பேயைக் காட்டிவிட்டு நம் நம்பிக்கையையே காட்டித் தந்ததும் ஒரே தட்டில் நிற்பவை ஆகா. முன்னதில் பார்ப்பவர் எதையும் பெறவில்லை. பின்னதில் கேட்டதைவிடக் கூடுதலாகப் பெற்றார்.

மறைத்தலின் வேலை செய்தியை ஒளித்துவைப்பது மட்டும்தான் என்று கருதினால் இந்த வேறுபாடு விளங்காது. கடலூர், விழுப்புரம் வட்டாரங்களின் தெருக்கூத்து இதற்கு நல்ல சான்று. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் வந்து கதையைச் சொல்லி, வரப்போகும் பாத்திரத்தையும் சொல்லிவிடுகிறான்; பிறகு இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்க, அதன் பின்னே நின்று துரியோதனன் பாடுகிறான். பின்னால் நிற்பவன் யார் என்பது அவையில் உள்ள சிறு குழந்தைக்கும் தெரியும். திரௌபதி அம்மன் விழாவில் ஆண்டுதோறும் நடக்கும் கதை அது. தெரிந்தவனைத்தான் மறைக்கிறார்கள். அத்திரை ஒளிப்பது பெயரை அன்று, வரவை. விலகும் கணத்தில் பார்ப்பவரின் உள்ளம் அந்த வரவுக்குப் பக்குவப்பட்டு நிற்பதற்காகவே அது பிடிக்கப்படுகிறது. பக்குவம் என்ற இந்தச் சொல்தான் சித்தாந்தத்துக்குள் நுழையும் வாயில்.

சைவ சித்தாந்தம் என்பது இறைவன், உயிர், உயிரைப் பிணித்துள்ள பாசம் ஆகிய மூன்றையும் என்றும் உள்ள பொருள்களாகக் கொண்டு அவற்றின் உறவை ஆராயும் தமிழ்த் தத்துவ மரபு. அதன் மூலநூல்களாகிய மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் எட்டு, சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாருடையவை. அவற்றுள் ஒன்றாகிய சங்கற்ப நிராகரணம் 1313ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இறைவன் செய்யும் தொழில்கள் ஐந்து என்பது இம்மரபு: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். முதல் மூன்றும் உலகெங்கும் பேசப்படுபவை. மறைத்தலைத் தெய்வத்தின் தொழிலாகவே எண்ணிய துணிவு இம்மரபின் சிறப்பு. நடராசர் திருமேனியில் துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ அழித்தலையும் குறிக்க, ஊன்றிய திருவடி மறைத்தலையும் தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்று அப்பதினான்கில் ஒன்றான மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் காட்டுகிறது. ஒரு கால் ஊன்றாமல் மறுகால் தூக்க முடியாது. மறைப்பும் அருளும் ஒரே ஆடலின் இரு கால்கள்.

ஆனால் மறைப்பு என்று சித்தாந்தம் சொல்வது இரண்டு உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று ஆணவ மலத்தின் மறைப்பு. ஆணவம் என்பது உயிரின் அறிவை அநாதியாக மூடி நிற்கும் பிணிப்பு. அன்றாடப் பேச்சில் வழங்கும் செருக்கு என்ற பொருளைவிட இது ஆழமானது. மற்றொன்று திரோதானம், அதாவது இறைவனின் அருளாற்றலே மறைப்பாக நின்று, உயிரை உலக அனுபவத்தில் ஈடுபடுத்தி, அந்த அனுபவத்தின் வழியே ஆணவத்தின் வலியைத் தேய்த்துப் பக்குவப்படுத்துவது. மலத்தோடு கூடி நின்று வேலை செய்வதால் இதையும் மலம் என்றே எண்ணுவதுண்டு. உண்மையில் அது அருளே என்று உமாபதியார் தெளிவுபடுத்துகிறார். நூறு குறட்பாக்களால் ஆகிய திருவருட்பயனில் இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்கும் ஓர் ஒப்பீடு உண்டு. புற இருள் பொருள்களை மறைத்தாலும் இருள் என்ற தன் உருவத்தையாவது காட்டும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தானும் காணப்படாது. இருட்டில் நிற்பவன் தான் இருட்டில் நிற்பதை அறிவான். ஆணவத்தில் நிற்பவன் அதை அறியமாட்டான்.

இந்தக் கோலை எடுத்து வகைமை மரபின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். மரபு தன்னளவில் குற்றம் ஆகாது. தன்னை மரபு என்று காட்டிக்கொள்ளும் மரபு புற இருளைப் போன்றது, அதற்குள் நிற்பவர் தாம் எங்கே நிற்கிறோம் என்று அறிவார். தெருக்கூத்தின் திரையைப் பிடித்திருக்கும் இருவரும் அவைக்குத் தெரியும்படிதான் நிற்கிறார்கள். தீங்கு, மரபு கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்தில் தொடங்குகிறது. நகரத்து நல்லவனும் கிராமத்துக் கெட்டவனும், வெளுத்த கதாநாயகியும் கறுத்த அடியாளும், முன்னோட்டத்தின் கடைசி நொடியில் அதிரும் முரசும் ஏன் அங்கே இருக்கின்றன என்று எடுத்தவரே அறியாமல் எடுத்திருந்தால், அது மரபைப் பின்பற்றியது ஆகாது. மரபு அவரைப் பின்தொடர்ந்து பிடித்துக்கொண்டது என்பதே சரி. பார்ப்பவரும் அதை இயல்பு என்றே எடுத்துக்கொள்வார். மறைக்கும் பொருளும் தெரிவதில்லை, மறைப்பும் தெரிவதில்லை. ஆகவே ஒரு மாணவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, மரபைக் காத்தீரா மீறினீரா என்பதைவிட, மரபைப் பார்த்தீரா என்பதே. பார்த்தவர் அதைக் காத்தாலும் அது கலை. பாராதவர் மீறினாலும் அந்த மீறல் வேறொரு பழக்கத்தின் பிடியில்தான் நிகழும். பீட்சாவின் வலிமை அது பேயைப் பொய்யாக்கியதில் இல்லை. பேய்ப்படத்தின் திரையையே, அது பிடிக்கப்பட்டிருக்கும் கைகளோடு சேர்த்து, பார்ப்பவருக்குக் காட்டியதில் இருக்கிறது.

உமாபதியார் இதை நூலில் மட்டும் எழுதியவர் அல்லர். தில்லை என்னும் சிதம்பரத்தின் கோயில் பூசகர்களாகிய தில்லைவாழ் அந்தணர் மரபில் பிறந்து, பகலில் தீவட்டி பிடிக்கப் பல்லக்கில் செல்லும் மரியாதை பெற்றிருந்த அவர், அந்தப் பகல் தீவட்டியை எள்ளிய, பின்னர்த் தம் குருவான மறைஞான சம்பந்தரின் சொல் கேட்டுப் பல்லக்கிலிருந்து இறங்கி அவர் பின்னே நடந்தார் என்றும், நெசவாளர்கள் வார்த்த கூழைக் குரு அருந்த, அவர் கைவழி ஒழுகியதைத் தாமும் அருந்தினார் என்றும், அதனால் விலக்கப்பட்டுச் சிதம்பரத்தின் எல்லையில் உள்ள கொற்றவன்குடியில் தங்கினார் என்றும் மரபு வரலாறு கூறுகிறது. பிறகு தில்லைத் திருவிழாவுக்குக் கொடி ஏற்றியபோது அது ஏறாமல் நிற்க, விலக்கப்பட்டவரை அழைத்து வந்து அவர் பாடிய பின்னரே கொடி ஏறியது என்பது அவ்வரலாற்றின் முடிவு. அப்போது பாடப்பட்டதே கொடிக்கவி, ஒளியும் இருளும் ஒரே இடத்தில் தங்கி நிற்பதைப் பொருளாக எடுத்துத் தொடங்கும் சில பாடல்களைக் கொண்ட சிறுநூல். கொடியேற்றம் என்பது திருவிழாவின் முன்னோட்டமே. விழா வருகிறது என்பதை ஊருக்குக் காட்டி, விழாவை இன்னும் காட்டாமல் வைப்பது அது. அந்த முன்னோட்டத்தின் மரபைச் சாதி விலக்கை மீறிய ஒருவரே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அவர் கொடியேற்றத்தை ஒழிக்கவில்லை, வேறு கொடி கொண்டுவரவும் இல்லை. மரபின் உள்ளே எது உயிர், எது உறை என்று பிரித்தறிந்தவராக வந்து நின்றார். மரபை மீறுதல் என்பதற்குத் தமிழ் நிலத்தில் இதைவிடத் தெளிந்த படிமம் கிடைப்பது அரிது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மறைப்பு அருள் என்ற கொள்கையைத் தவறான கைகள் எடுத்துக்கொள்ளக் கூடும். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய திருநாளைப்போவார், நந்தனார் என்று உலகம் அறிந்தவர், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் அப்பெயர் பெற்றார். காணாத ஒன்றுக்கான ஏக்கத்தையே பெயராகக் கொண்ட அடியார் அவர். ஆனால் அவர் கண்ணிலிருந்து தில்லைக்கூத்தனை மறைத்து நின்றது திரோதானம் ஆகாது. மனிதர் கட்டிய சாதி. திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்றவருக்காக நந்தியை விலகச் செய்தவன் இறைவன் என்று பெரியபுராணமே சொல்லும்போது, அந்த மறைப்பு இறைவனுக்கும் உடன்பாடு இல்லை என்பது வெளிப்படை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் சரித்திரத்தை இசைநாடகமாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணைக்கு உடையவராக நிறுத்தினார். திருத்தொண்டர் வரலாறு என்ற வகைமைக்குள் அது ஒரு மீறல். அந்த மீறலால்தான் நந்தனாரின் கண்ணை மறைத்தது யார் என்பது மேடையில் ஆள் உருவோடு தெரிந்தது, 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களுக்கும் அதுவே கதை ஆயிற்று. பக்குவப்படுத்தும் மறைப்பையும் அடக்கிவைக்கும் மறைப்பையும் பிரித்தறிய ஒரு வழி, திரையைப் பிடித்திருக்கும் கை யாருடையது, அது விலக்குவதற்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் சாலையில், கடலூரை நெருங்கும் இடத்தில், உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டையும் அதன் அருகே குடிகாடும் இருக்கின்றன. அங்கே ஒரு மாணவர் ஒளிப்படக் கருவியோடு சென்று, அவ்வூரைப் பற்றிய ஆவணப்படத்துக்கு முன்னோட்டம் எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழல் ஆவணப்படம் என்ற வகைமையின் மரபு அவர் கையில் ஆயத்தமாக இருக்கும்: புகைபோக்கியின் கீழிருந்து மேல்நோக்கிய காட்சி, கரையில் செத்த மீன், முதிய பெண்ணின் முகச் சுருக்கம், அதன்மேல் வயலின். இவை பொய் இல்லை. ஆயினும் பார்ப்பவர் இவற்றை நூறு முறை பார்த்துவிட்டார். அவருடைய கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும், துன்பத்தைக் காட்ட வந்த குறியே துன்பத்தின்மேல் திரையாகிவிடும். மேலும் அவ்வூரார் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த முதல் குறை கண்ணுக்கு உரியதே இல்லை, அது நாற்றம். ஐம்பூதங்களுள் நிலத்துக்கு நாற்றமும், நீருக்குச் சுவையும், தீக்கு ஒளியும், காற்றுக்கு ஊறும், ஆகாயத்துக்கு ஓசையும் சிறப்புக் குணங்கள் என்பது சித்தாந்தத்தின் தத்துவக் கணக்கு. திரைப்படத்துக்கு வாய்த்தவை தீயின் ஒளியும் ஆகாயத்தின் ஓசையும் மட்டுமே. நிலத்தின் குணமாகிய நாற்றம் அதற்கு எட்டாது. ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத் தலமாகிய சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில், திரைப்படத்தால் காட்டவே முடியாத ஒன்றை முதல் துன்பமாகக் கொண்ட ஊர் இருக்கிறது என்பது சிந்தனைக்கு உரியது.

2004இல் அப்பகுதி மக்கள் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் கூடி, எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது என்று குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். மூக்கு அறிந்ததை எழுத்தாக்கிய செயல் அது. ஒரு மாணவர் புகைபோக்கியைக் காட்டாமல், இருண்ட திரையில் அத்தகைய நாட்குறிப்பின் நாளும் நேரமும் ஒரு குரலில் வாசிக்கப்பட மட்டும் விட்டால், அது வகைமையின் முதன்மைக் குறியை மறைக்கும் முன்னோட்டம் ஆகும். ஆனால் அந்த மறைப்பு பார்ப்பவரின் மூக்கை விழிக்கச் செய்யும், திரைக்கு எட்டாதது எது என்பதைத் திரையாலேயே உணர்த்தும். இதைத்தான் பக்குவப்படுத்தும் மறைப்பு என்று கொள்ள வேண்டும். அதே மாணவர் மரபுப்படி புகைபோக்கியையே காட்டி, அக்காட்சியைப் பார்ப்பவர் பொறுமையிழக்கும் அளவுக்கு நீட்டி, வயலினையும் எடுத்துவிட்டாலும் மரபைக் கண்ணுக்குத் தெரியச் செய்தவர் ஆவார். வழி ஒன்றுதான் என்று இல்லை.

எஞ்சியிருப்பது முதலில் தொட்ட சிக்கல்: மாணவர் முன்னோட்டங்கள் பலவற்றுக்குப் பின்னால் படமே இல்லை. இல்லாத ஒன்றைச் சுட்டுவது சுட்டல் ஆகுமா? சிதம்பரத்தில் பொன்னம்பலத்துள் நடராசருக்கு அருகே ஒரு திரை தொங்குகிறது. அதை விலக்கிக் காட்டினால் உள்ளே திருமேனி எதுவும் இல்லை, பொன்னால் ஆன வில்வ மாலைகள் மட்டும் வெளியில் தொங்குகின்றன. சிதம்பர ரகசியம் என்று உலகம் சொல்வது இதுவே. மாலை என்பது வழிபாட்டின் மிகப் பழைய மரபு; தெய்வத்தின் கழுத்தில் சூட்டுவது. இங்கே மாலை மரபுப்படி இருக்கிறது, கழுத்து இல்லை. இறைவன் ஆகாய வடிவினன் என்ற நுட்பமான கருத்தைச் சொல்ல, மரபை முற்றும் விட்டுவிட்டு வெற்றுச் சுவரைக் காட்டியிருந்தால் காண்பவருக்கு அது சுவராகவே இருந்திருக்கும். திருமேனியை வைத்திருந்தால் ஆகாயம் தெரிந்திருக்காது. மாலை இருப்பதால்தான் இன்மை வெறுமையாகாமல் வெளியாகிறது. படம் இல்லாத முன்னோட்டமும், தன் குறிகள் எதைச் சுட்டுகின்றன என்று எடுத்தவர் அறிந்திருக்கும்வரை, குறையுடையது ஆகாது. அறியாமல் தொங்கவிட்ட மாலைக்குப் பின்னால் இருப்பது வெற்றிடம் மட்டுமே.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்து, தில்லையை உருகிப் பாடிய இராமலிங்க அடிகள், அந்தத் திரையின் மரபை அப்படியே விட்டுவைக்கவும் இல்லை, எறிந்துவிடவும் இல்லை. வடலூரில் அவர் எழுப்பிய சத்திய ஞான சபைக்குச் சபை என்ற தில்லையின் பெயர் உண்டு, தில்லையின் திரையும் உண்டு. திரைக்குப் பின்னே உருவம் இல்லை, சோதி இருக்கிறது. காண வருபவரிடம் சாதியோ சமயமோ கேட்கப்படுவதில்லை. ஒரு திரை அங்கே ஏழு திரைகளாயிற்று: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கலப்பு. ஒவ்வொன்றும் உயிரின் அறிவை மறைத்து நிற்கும் ஓர் ஆற்றலைக் குறிக்கும். 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தில் அங்கு முதல் சோதி தரிசனம் நடந்தது. மாதந்தோறும் பூச நாளில் ஆறு திரைகளை நீக்கிச் சோதியைக் காட்டுகிறார்கள். ஏழாவது திரை தைப்பூசத்தன்று மட்டும் விலகுகிறது.